பூச்சிமருந்தைக் குறைக்கப் பயிரின் மரபணுவை மாற்றுவது அறமாகுமா?

கேள்வி இது: பூச்சிமருந்தின் பயன்பாட்டைக் குறைப்பதற்காகவே ஒரு பயிரின் மரபணுவை மாற்றுகிறார்கள் என்றால், அதை அறத்தின் பெயரால் எதிர்க்க முடியுமா, அல்லது அப்படி எதிர்ப்பதுதான் அறத்துக்கு மாறானதா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரபணுவை மாற்றும் செயலில் தன்னளவில் குற்றம் இருப்பதாக நான் கருதவில்லை. நஞ்சைக் குறைக்க வழி இருக்கும்போது அதை அடைத்து வைப்பது சில சூழல்களில் குற்றம் என்றே கருதுகிறேன். ஆனால் 'மருந்து குறையும்' என்பது விதையோடு சேர்த்து விற்கப்படும் ஒரு வாக்குறுதி. அது எத்தனை ஆண்டு தாங்கும், தாங்காமல் போனால் யார் பொறுப்பு என்பதை விதைப் பொட்டலத்தில் எவரும் எழுதித் தருவதில்லை. இந்த விவாதத்தில் பேசப்பட வேண்டிய அறமும் பேசப்படாத அறமும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன.

எதற்குப் பதிலாக எது வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பதினைந்து லிட்டருக்கு மேல் கொள்ளும் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் நெம்புகோலை அடித்தபடி, மறு கையில் குழாயை முன்னால் நீட்டி நடப்பவர், தான் தெளித்த மருந்துப் பனிக்குள்ளேயே அடுத்த அடியை எடுத்து வைக்கிறார். மூடி சரியாகப் பொருந்தாத தொட்டியிலிருந்து கசிவது சட்டையின் முதுகுப்புறத்தை நனைத்து உடலோடு ஒட்டவைக்கிறது. முனை அடைத்துக்கொண்டால் கழற்றி வாயால் ஊதிவிட்டு மறுபடி மாட்டுகிறார். செடி தோளுயரம் வளர்ந்துவிட்டால் மருந்து இறங்கும் இடம் அவருடைய முகம். வெப்பமான நாட்டில் கையுறையும் முகமூடியும் அணிந்து நாள் முழுவதும் இந்த வேலையைச் செய்ய முடியாது. செய்யச் சொல்பவர்களும் அதை அறிவார்கள். பல இடங்களில் அவர் நிலத்தின் சொந்தக்காரர்கூட அல்ல, கூலிக்கு அடிப்பவர். மரபணு மாற்றத்தின் ஆபத்தைப் பற்றிப் பேசும் எந்த வாதமும் இந்த மனிதரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாவிட்டால், அது பாதிக் கணக்குதான்.

அதே மனிதரைக் காட்டி அவசரமாக மறுமுடிவுக்குத் தாவவும் முடியாது. 2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களுமாக 20-க்கும் மேற்பட்டோர் நஞ்சு தாக்கி இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் மருந்தடித்த பருத்தி, மருந்தைக் குறைப்பதற்காகவே மரபணு மாற்றிக் கொண்டுவரப்பட்ட பி.டி. பருத்திதான். அந்த விதை அனுமதிக்கப்பட்டு அப்போது 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. தொழில்நுட்பத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இந்த ஒரு நிகழ்ச்சியைத் தத்தம் நிலைப்பாட்டோடு பொருத்திப் பார்த்த பிறகே மேலே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

பி.டி. என்பது மண்ணில் வாழும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் சுருக்கப் பெயர். 1901-இல் ஜப்பானில் இஷிவாத்தா ஷிகெத்தானே பட்டுப்புழுவைக் கொல்லும் நோயின் காரணியாக இதைக் கண்டார். 1911-இல் எர்ன்ஸ்ட் பெர்லினர் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியிலிருந்து வந்த மாவு அந்துப்பூச்சியில் இதைக் கண்டு விவரித்தார். இது உண்டாக்கும் படிகப் புரதத்தைப் புழு தின்னும்போது, அதன் குடலின் காரத்தன்மையில் படிகம் கரைகிறது. குடலின் நொதிகள் அதை வெட்டிச் செயல்பட வைக்கின்றன. குடற்சுவரில் உள்ள குறிப்பிட்ட ஏற்பிகளில் அது ஒட்டிக்கொண்டு துளை போடுகிறது. புழு சிறிது நேரத்திலேயே தின்பதை நிறுத்திவிடுகிறது, பிறகு சாகிறது. நம் வயிறு அமிலத்தன்மை உடையது, அந்த ஏற்பிகளும் நம்மிடம் இல்லை. ஆகவேதான் இந்தப் பாக்டீரியாவைத் தூளாகவும் கரைசலாகவும் தெளிப்பதை இயற்கை வேளாண்மையின் விதிகளே பல நாடுகளில் அனுமதிக்கின்றன. அதே புரதத்தை உண்டாக்கும் மரபணுவைச் செடிக்குள் வைத்தால் மட்டும் அது இயற்கைக்கு விரோதம் ஆகிவிடும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கதிர்வீச்சைப் பாய்ச்சி, எந்த மரபணு எங்கே உடைந்தது என்று தெரியாமலேயே உருவாக்கிய ரகங்களை உலகம் பல பத்தாண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறது. அவற்றைப் பெரும்பாலோர் இப்படிக் கேள்வி கேட்டதில்லை.

ஆயினும் தெளிப்பதற்கும் செடிக்குள் வைப்பதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தெளித்த பி.டி. வெயிலில் சில நாட்களில் சிதைந்துவிடும். செடிக்குள் இருப்பதோ விதை முளைத்த நாள் முதல் அறுவடை வரை, இரவும் பகலும், பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுரந்துகொண்டே இருக்கும். தேவைப்படும்போது மட்டும் மருந்திட வேண்டும் என்ற பூச்சி மேலாண்மையின் முதல் விதியை இந்த விதை தன் அமைப்பிலேயே மீறுகிறது. பூச்சிகள் இதற்குப் பழகுவதும் இதனால்தான். இயற்கைக்கு விரோதம் என்ற வாதத்தைவிட இது எனக்குக் கனமான வாதம்.

உணவுப் பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016-இல் வெளியிட்ட விரிவான ஆய்வறிக்கை, அதுவரை சந்தைக்கு வந்திருந்த மரபணு மாற்று உணவுகள் பிற உணவுகளைவிட மனித உடலுக்குக் கூடுதல் தீங்கு செய்வதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று கூறியது. ஆனால் வந்தவற்றைப் பற்றிய அந்தத் தீர்ப்பை இனி வரப்போகும் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டிய நற்சான்றாகக் கொள்ளக் கூடாது. ஒவ்வொரு மாற்றமும் தனியே சோதிக்கப்பட வேண்டியதுதான். கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட ஸ்டார்லிங்க் மக்காச்சோளம் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மனித உணவுகளில் கண்டுபிடிக்கப்பட்டு, கடைகளிலிருந்து பொருட்கள் திரும்பப் பெறப்பட்டன. யாருக்கும் தீங்கு நேர்ந்ததாக நிறுவப்படவில்லை என்றாலும், காகிதத்தில் போட்ட பிரிவினை கிடங்கில் நிற்காது என்பதை அது காட்டிவிட்டது. தான் உண்பது என்ன என்று அறிய விரும்புபவருக்கு அதை அறியும் உரிமை உண்டு; அவருடைய காரணம் அறிவியலா, சமய நம்பிக்கையா, வெறும் தயக்கமா என்று கேட்க விற்பவருக்கு உரிமை இல்லை.

இனி, 'பூச்சிமருந்தைக் குறைக்கும் மரபணு மாற்றுப் பயிர்' என்ற தொடருக்குள் ஒளிந்திருக்கும் ஒரு குழப்பத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும். பூச்சியைத் தானே எதிர்க்கும் பயிர் ஒரு வகை. களைக்கொல்லியைத் தாங்கி நிற்கும் பயிர் முற்றிலும் வேறொரு வகை. அதன் நோக்கமே வயல் முழுவதும் களைக்கொல்லியைத் தாராளமாக அடிக்கலாம் என்பதுதான். இரண்டையும் ஒரே பெயரில் விற்றார்கள், ஒரே பெயரில் எதிர்த்தார்கள். அமெரிக்க வேளாண் பொருளாதார ஆய்வாளர் சார்ல்ஸ் பென்புரூக் 2012-இல் வெளியிட்ட கணக்கின்படி, 1996 முதல் 2011 வரை அமெரிக்காவில் பி.டி. பயிர்கள் பூச்சிக்கொல்லியை 5.6 கோடி கிலோ குறைத்தன. அதே காலத்தில் களைக்கொல்லி தாங்கும் பயிர்கள் களைக்கொல்லியை 23.9 கோடி கிலோ கூட்டின. கிலோக் கணக்கு நஞ்சின் கடுமையைச் சொல்லாது என்ற மறுப்பு நியாயமானதே; களைக்கொல்லியான கிளைபோசேட் ஒரு கிலோவும், கடும் நஞ்சான பூச்சிக்கொல்லி மோனோகுரோட்டோபாஸ் ஒரு கிலோவும் ஒன்றாகா. ஆனால் கிளைபோசேட்டுக்கு அடங்காத களைகள் பெருகியதும், அவற்றை அடக்க டைக்காம்பா என்ற வேறொரு களைக்கொல்லியைத் தாங்கும் சோயா வந்ததும், அந்த மருந்து ஆவியாகிக் காற்றில் போய் 2017-இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் அண்டை வயல்களின் சோயாவைச் சுருட்டிவிட்டதும் நடந்த உண்மைகள். தன் வயலைக் காக்க அண்டை வீட்டாரையும் அதே விதையை வாங்கும்படி நெருக்கும் தொழில்நுட்பத்தை, மருந்தைக் குறைக்கும் தொழில்நுட்பத்தின் நற்பெயரில் ஒதுங்கவிடக் கூடாது.

சரி, பூச்சியை எதிர்க்கும் பயிர்கள் மருந்தை உண்மையிலேயே குறைத்தனவா? குறைத்தன. கிளும்பர், கைம் ஆகிய இரு ஆய்வாளர்கள் 147 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட கணக்கில், மரபணு மாற்றுப் பயிர்களால் மருந்தின் அளவு சராசரியாக 37 சதவீதம் குறைந்து, விளைச்சல் 22 சதவீதம் கூடியது தெரிந்தது. பூச்சியை எதிர்க்கும் வகைகளில்தான் குறைவு அதிகம். வட சீனாவில் பி.டி. பருத்தி பரவியபோது அதைப் பயிரிடாத வயல்களிலும் காய்ப்புழு குறைந்தது. மருந்தடிப்பது நின்றதால் பொறிவண்டுகளும் சிலந்திகளும் பெருகி, பக்கத்துப் பயிர்களின் அசுவினியையும் சேர்த்துத் தின்றன. வயலுக்குள் நுழைந்தால் மீண்டும் சிலந்தி வலை முகத்தில் படுகிறது என்பது, நஞ்சு குறைந்ததற்கு எந்த அட்டவணையையும்விட நேரடியான சான்று. ஆனால் அதே வட சீனாவில், முன்பு காய்ப்புழுவுக்கு அடித்த மருந்தில் சேர்ந்தே செத்துக்கொண்டிருந்த சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகள் பெருகி, பருத்தியிலிருந்து பழத்தோட்டங்களுக்கும் பரவின. அவற்றுக்காக மறுபடியும் தெளிப்பானை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு புழுவை நிறுத்தினால் வயல் காலியாக நிற்பதில்லை, அடுத்த பூச்சி வந்து அமர்கிறது.

இந்தியாவின் அனுபவத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் இந்தக் கேள்வியின் எல்லா முடிச்சுகளும் அங்கே இருக்கின்றன. சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதமே உள்ள பருத்தி, ஒரு காலத்தில் நாட்டின் பூச்சிக்கொல்லியில் ஏறக்குறைய பாதியை விழுங்கிக்கொண்டிருந்தது. 2002-இல் ஒரு பி.டி. மரபணு கொண்ட பருத்தியும் 2006-இல் இரண்டு மரபணு கொண்டதும் அனுமதிக்கப்பட்டன. முதல் சில ஆண்டுகளில் பச்சைக் காய்ப்புழுவுக்கான மருந்தடிப்பு வெகுவாகக் குறைந்தது. அதை மறுப்பது அந்த ஆண்டுகளில் தெளிப்பானைக் கீழே இறக்கி வைத்தவர்களின் அனுபவத்தை மறுப்பதாகும். பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு திரும்பி வந்தது. முட்டையிலிருந்து வெளிவந்த சிறிது நேரத்தில் இந்தப் புழு இளங்காய்க்குள் துளைத்துப் புகுந்துவிடும். துளை மூடிக்கொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் காய் பழுதில்லாமல் பச்சையாக இருக்கும். உள்ளே அது விதையைத் தின்றுகொண்டிருக்கும். காய் வெடிக்காமல் பாதியில் நின்று, பஞ்சு கறைபட்டு ஒட்டிக்கொண்ட பிறகுதான் விவசாயிக்கு விவரம் தெரியும். அப்போது அடிக்கும் எந்த மருந்தும் காய்க்குள் இருக்கும் புழுவை எட்டாது. முதல் மரபணுவின் நஞ்சைத் தாங்கும் எதிர்ப்புத்திறன் இந்தப் புழுவில் 2010-க்குள்ளாகவே குஜராத்தில் பதிவானது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாவதும் வலுவிழந்தது. கிராந்தி, ஸ்டோன் ஆகிய ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வு, விவசாயிகள் பி.டி. வருவதற்கு முன்பு செலவழித்ததைவிட அதிகமாக மருந்துக்குச் செலவழிக்கிறார்கள் என்று காட்டியது.

இது தவிர்க்க முடியாத விதியா? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைப் பாருங்கள். அதே புழு, அதே மரபணு. அங்கே பி.டி. அல்லாத பருத்தியை ஒரு பகுதியில் புகலிடப் பயிராக நடுவது நடைமுறையில் கண்காணிக்கப்பட்டது. அதன் காரணம் எளியது: பி.டி. வயலில் தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டு அந்துப்பூச்சிகள், பக்கத்துப் புகலிடத்தில் பெருகிய சாதாரண அந்துப்பூச்சிகளோடு கூடினால், பிறக்கும் புழுக்களில் எதிர்ப்புத்திறன் வெளிப்படாமல் அமுங்கிவிடும். பின்னர் மலடாக்கிய அந்துப்பூச்சிகளைப் பெருமளவில் வானிலிருந்து விட்டார்கள். இனக்கவர்ச்சிப் பொருளைப் பயன்படுத்தினார்கள், அறுவடை முடிந்ததும் எஞ்சிய பருத்திக் கட்டைகளை உழுது புதைத்தார்கள். 2018-இல் அமெரிக்காவின் பருத்தி வயல்கள் இந்தப் புழுவிலிருந்து விடுபட்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையைத் தனிப் பையில் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர், புழு தின்பதற்கென்றே தன் நிலத்தில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும் என்று அந்தப் பொட்டலம் எதிர்பார்த்தது. பெரும்பாலோர் அதை விதைக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லும் எழுத்தை அறிவியல் ஏடுகளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் மேலிடுகிறது. ஊர் முழுவதற்கும் சேர வேண்டிய நன்மைக்கான செலவைத் தனி ஒருவரின் தலையில், அதுவும் இழக்க எதுவும் மிச்சமில்லாதவரின் தலையில் வைத்த திட்டம் அது. சீனாவின் யாங்சி சமவெளியில் இதே சிக்கல் தற்செயலாகவே தீர்ந்தது. விதைச் செலவைக் குறைக்க, பி.டி.யும் பி.டி. அல்லாததும் சேர்ந்த கலப்பினத்தின் இரண்டாம் தலைமுறை விதைகளை விவசாயிகள் விதைத்தார்கள். அதில் நான்கில் ஒரு செடி பி.டி. அற்றதாக வயலெங்கும் கலந்து நின்று புகலிடமாகிவிட்டது. யாரும் தனியாக எதையும் விட்டுக்கொடுக்க நேரவில்லை.

புழு அந்தப் புரதத்துக்கு இன்னும் சாகிறது என்ற நிலையை நான் ஒரு பொதுச்சொத்தாகப் பார்க்கிறேன், ஏரி நீரைப் போல. அதை நிறுவனம் உருவாக்கவில்லை; கோடிக்கணக்கான ஆண்டுப் பரிணாமத்தில் வந்தது. பி.டி. கரைசலைத் தெளித்துவரும் இயற்கை விவசாயிக்கும், பிறக்காத தலைமுறைக்கும் அதில் பங்கு உண்டு. காப்புரிமை மரபணுவுக்கு உண்டு, அதை விற்றுப் பெறும் லாபம் உரியவருக்குப் போகிறது. ஆனால் இந்தச் சொத்து தீர்ந்துபோகும்போது இழப்பு எல்லோருக்கும் பங்கிடப்படுகிறது. இந்த ஏற்பாட்டில்தான் அறத்தவறு இருக்கிறது என்பது என் முடிவு.

விதை யாருடையது என்பதும் இதோடு பின்னிப் பிணைந்தது. இந்தியாவில் பி.டி. பருத்தி ஏறக்குறைய முழுவதுமாக வீரிய ஒட்டு ரகங்களாகவே வந்தது. விவசாயி ஆண்டுதோறும் விதை வாங்க வேண்டும், அந்த ரகங்கள் பல நீண்ட நாள் வயலில் நின்று புழுவுக்குத் தலைமுறை தலைமுறையாக உணவளித்தன. வங்கதேசம் வேறு வழியில் சென்றது. கத்தரியின் தண்டு மற்றும் காய்த்துளைப்பானை எதிர்க்கும் நான்கு பி.டி. ரகங்களை 2013-இல் அனுமதித்து, 2014 ஜனவரியில் முதலில் 20 விவசாயிகளுக்குக் கொடுத்தது. அவை அரசு ஆராய்ச்சி நிலையத்தின் சாதாரண ரகங்கள், விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம். நாம் நேரடியாகச் சமைத்து உண்ணும் காயில், அறுவடைக்கு முந்தைய நாள் வரை மருந்து அடிக்கப்பட்டுவந்த பயிர் அது என்பதை மறக்கக் கூடாது. நைஜீரியா 2019-இல் அனுமதித்த, காய்த்துளைப்பானை எதிர்க்கும் தட்டைப்பயறும் இதே வகை. மறுபுறம் புர்கினா பாசோவில் 2008 முதல் பயிரிடப்பட்ட பி.டி. பருத்தி புழுவைத் தடுத்தது, மருந்தும் குறைந்தது. ஆனால் இழையின் நீளம் குறைந்து சந்தையில் அந்நாட்டுப் பருத்தியின் மதிப்பு சரிந்ததால் 2016-இல் கைவிடப்பட்டது. புழுவை மட்டும் பார்த்து, பஞ்சை விற்றுப் பிழைப்பவரைப் பார்க்காத அறிவியலுக்கு அது எடுத்துக்காட்டு.

முன்னெச்சரிக்கை என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். இந்தியாவின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2009 அக்டோபரில் பி.டி. கத்தரியை அனுமதித்தபோது, 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். கத்தரியின் காட்டுறவினங்கள் நிறைந்த நாட்டில் மரபணு பரவலைப் பற்றித் தயங்குவது நியாயமானதே. ஆனால் நிறுத்தி வைப்பதையும் ஒரு செயலாகவே எண்ண வேண்டும். நிறுத்திய காலத்தில் சோதனை நடக்க வேண்டும், கேள்விகளுக்கு விடை தேடப்பட வேண்டும்; இல்லையென்றால் மருந்தடிப்பவரின் முதுகில் தொட்டி அப்படியே இருக்க, நாம் மட்டும் எச்சரிக்கையாக இருந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 2012-இல், அசுவினியை விரட்டும் மணத்தைச் சுரக்கும் கோதுமையைப் பயிரிட்டபோது அதை அழிப்போம் என்று ஒரு குழு கிளம்பியது. சோதனை முடிந்தது, வயலில் அந்தக் கோதுமை அசுவினியைக் குறைக்கவில்லை என்று ஆய்வாளர்களே அறிவித்தார்கள். பொது நிறுவனம், பொதுப் பணம், பாதகமான முடிவையும் மறைக்காமல் வெளியிடுதல்: அழிக்கப் பார்த்தது இப்படிப்பட்ட சோதனையைத்தான்.

ஆகவே என் கையில் முடிவு இருந்தால், பயிரைப் பார்த்தே சொல்வேன். அதிகம் மருந்தடிக்கப்படும் கத்தரி, தட்டைப்பயறு போன்ற பயிர்களில், விதையைத் திரும்ப விதைக்கக்கூடிய பொது ரகங்களாக, எதிர்ப்புத்திறனை ஆண்டுதோறும் அளந்து வெளியிடும் பொறுப்பு விற்பவரிடம் இல்லாமல் தனி அமைப்பிடம் இருக்குமானால், அனுமதிப்பேன். களைக்கொல்லி தாங்கும் பயிரை இந்தத் தலைப்பின் கீழ் பரிசீலிக்கவே மறுப்பேன். அது தன் சொந்தப் பெயரில் வந்து தன் வழக்கைச் சொல்லட்டும். பருத்திக்கு மூன்றாவது, நான்காவது நச்சு மரபணுவைச் சேர்த்துத் தருகிறோம் என்று வருபவரிடம், முதலில் ஐந்து மாதத்துக்குள் அறுவடை முடியும் ரகத்தையும், எல்லோரும் ஒரே நாளில் கட்டையைப் பிடுங்கி முடிக்க உதவும் ஏற்பாட்டையும், புகலிடத்தை விதையிலேயே கலந்து தரும் பொட்டலத்தையும் கேட்பேன். எதிர்ப்புத்திறன் கண்டறியப்பட்ட மாவட்டத்தில் அந்த விதையின் விற்பனையை மறு பருவத்திலேயே நிறுத்துவதற்கும், அதற்குள் வாங்கி விதைத்தவரின் மருந்துச் செலவை ஈடுகட்டுவதற்கும் அவர் அனுமதி பெறும் நாளிலேயே கையெழுத்திட வேண்டும்.